டிகாஷன் கலர் தண்ணி

ஏப்ரல் 12, வெள்ளி

ஹாஸ்டல் பிள்ளைங்க எல்லாம் ஊருக்குப் போயாச்சு. கடைசி வேன் கேட்டைத் தாண்டினதும் ஜெசிந்தா சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு புது நோட்டைக் கையில கொடுத்தாங்க. லீவுல பாய்லருக்கு என்னென்ன வேலை செய்யறேன்னு தேதி போட்டு எழுதணுமாம். ஜூன்ல வாங்கிப் படிப்பாங்களாம். பதினோரு வருஷமா யாரும் எழுதாமலேதான் நூத்தி நாப்பது பொம்பளைப் பிள்ளைங்க இந்தக் கோத்தகிரிக் குளிர்ல வெந்நீர்ல குளிச்சிட்டு வகுப்புக்குப் போச்சுங்க. அதை வாய்விட்டுச் சொல்லல. சிஸ்டர் புதுசு, நிர்வாகத்துக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகுது.

அந்த நல்ல நோட்டை அலமாரியில வச்சிட்டேன். இது என் மக பிரின்சி எழுதிப் பாதியில விட்ட நோட்டு. இதுல மனசுல வர்றதைக் கிறுக்கிட்டு, வேண்டியதை மட்டும் அதுல அழகா எழுதித் தருவேன். என் கையெழுத்து நல்லா இருக்கும்.

பாய்லர்னா என்னன்னு சிஸ்டருக்கே சரியாத் தெரியாது. மெஸ்ஸுக்குப் பின்னாடி, தகரக் கூரைக்குக் கீழ நிக்குது. நடுவுல நெருப்பு எரியற அறை, அதைச் சுத்தி ரெண்டாயிரம் லிட்டர் தண்ணி. கற்பூர மரத்து விறகு, அதான் யூகலிப்டஸ், அதைப் போட்டா தண்ணி கொதிக்கும். அந்தத் தண்ணி குளிக்கிறதுக்கு இல்ல. அது உள்ளேயே சுத்திக்கிட்டு இருக்கும். குளிக்கிற தண்ணி வேற குழாயில அதுக்குள்ள புகுந்து, சூடாகி வெளிய வரும். அவ்வளவுதான் சங்கதி.

மார்ச் கடைசியில பின்பக்கத் தகட்டுல ஈரம் கண்டுச்சு. கசிவு. நான்தான் முதல்ல பாத்தேன், நானே போய்ச் சொன்னேன். அதுக்கு சிஸ்டர் சொல்றாங்க: "சௌந்தரி, லீவு முடியறதுக்குள்ள சரியாகலைன்னா கோயமுத்தூர் கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் விட்டுடுவோம். அவங்க ஆளையே போட்டுப்பாங்க. உங்களுக்கு மறுபடி கிச்சன்லயே வேலை தர்றேன்."

மறுபடி கிச்சன்! வெங்காயம் உரிக்க! பாத்துடலாம்.

ஏப்ரல் 13, சனி

சாம்பல் முழுக்க அள்ளினேன். சாம்பலை உள்ளேயே விட்டுட்டு லீவுக்குப் போற ஆளுங்க இருக்காங்க. அது காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சு இரும்பையே தின்னுடும். நான் ஒரு பொட்டு விட மாட்டேன். மூலையில இருக்கறதைக் கரண்டியால சுரண்டி, அப்புறம் துடைப்பம், அப்புறம் துணி. சாம்பல் தட்டுல சுண்ணாம்பு தூவி வச்சிட்டேன், ஈரம் இழுக்கட்டும்னு.

ஏப்ரல் 14, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் ரொம்ப நீளம். மழை.

ஏப்ரல் 16, செவ்வாய்

ரெண்டு நாளா தார் சுரண்டற வேலை. பச்சை விறகு எரிச்சா சுவர்ல தார் மாதிரி ஒட்டிக்கும். ஜனவரியில காஞ்ச விறகு பத்தாம பச்சையைப் போட்டேன், அதோட பலன். தலையை உள்ள விட்டுக்கிட்டு சுரண்டினா மூஞ்சியெல்லாம் கரி. சுரண்டி முடிச்சு உள்சுவர் முழுக்க எண்ணெய் தடவினேன். நெருப்புக் கதவு இடுக்குல காத்து புகாம சுத்தியிருக்கற கயிறு தேஞ்சு போச்சு, புதுசு சுத்தினேன். சிம்னிக்குத் தகர மூடி போட்டாச்சு.

இவர் ஆட்டோவை நிறுத்திட்டு எட்டிப் பாத்தார். என் வீட்டுக்காரர் சிலுவைதாசன். "என்ன, உன் பெரிய புருஷனுக்கு எண்ணெய்க் குளியலா?"ன்னார்.

"சின்னப் புருஷனுக்கும் வேணும்னா கிட்ட வரச் சொல்லு"ன்னு எண்ணெய்த் துணியைத் தூக்கினேன். ஓடியே போயிட்டார்.

ஏப்ரல் 18, வியாழன்

இன்னிக்குத்தான் என் முக்கியமான வேலை. ரெண்டாயிரம் லிட்டர் தண்ணியையும் திறந்து விட்டேன். வருஷா வருஷம் செய்யறேன். ஒரு வருஷத் தண்ணியை ரெண்டு மாசம் அப்படியே விட்டுட்டுப் போனா எந்தப் பாத்திரம்தான் நல்லாயிருக்கும்? வீட்டுல ஒரு சொம்புத் தண்ணியையே ராத்திரி மாத்தி வைக்கிறவ நான். திறந்து விட்டு, ஹோஸ் விட்டு அலசி, மேல காட்டுச் சுனைத் தண்ணியைப் பிடிப்பேன். அவ்வளவு சுத்தமான தண்ணி. கையில அள்ளிக் குடிக்கலாம். இந்தத் தடவை வெல்டர் வரணுமேன்னு அலசினதோட விட்டு வச்சிருக்கேன்.

எனக்கு முன்னாடி இப்ராஹிம் பாய்னு ஒருத்தர் இருந்தார். இந்த பாய்லர் வந்த நாள்ல இருந்து அவர்தான். நல்ல மனுஷன், பேச்சு குறைவு. ஆனா தண்ணி மட்டும் மாத்தவே மாட்டார். ஒரு நாள் அவர் சாம்பிள் எடுக்கறப்ப பாத்தேன், திக்கா டிகாஷன் கலர்ல இருந்துச்சு. அஞ்சாறு வருஷத் தண்ணியாம்! நான் அப்ப கிச்சன்ல இருந்தேன். அந்தத் தண்ணியை ஒரு வாளியில பிடிச்சு அப்ப நிர்வாகத்துல இருந்த மதர்கிட்ட காட்டினேன். இதைத்தான் சுத்த விடுறீங்களான்னு மதர் பாயைக் கேட்டாங்க. அவருக்குப் பதில் சொல்லத் தெரியல. கவனக்குறைவுன்னு எழுதி அவரை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் என் கையில வந்த பாய்லர். வந்த முதல் வாரமே அந்தக் கருமத்தைத் திறந்து விட்டு, சுனைத் தண்ணி பிடிச்சேன். கண்ணாடி மாதிரி இருந்துச்சு.

ஏப்ரல் 22, திங்கள்

வெல்டர் வந்து பின் தகட்டுல ஒரு சதுரம் வெட்டி எடுத்தார். தண்ணிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா இருந்துச்சு. ஒரு குழி ஆழமாகி ஓட்டையாகி இருக்கு, அதுதான் கசிவு.

"நெருப்புப் பக்கம் ஒரு குறையும் இல்லம்மா. இவ்வளவு சுத்தமா யாரும் வச்சிருக்க மாட்டாங்க. தண்ணிப் பக்கம்தான் அரிச்சிருக்கு. தண்ணியில ஏதோ கோளாறு"ன்னார்.

என் தண்ணியிலயா கோளாறு? இரும்பு மட்டமா இருந்திருக்கும்னு சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிட்டு வேலையைப் பாத்தார். பேட்ச் வச்சு ஒட்டியாச்சு.

நல்ல நோட்டுல: "பின் தகடு வெல்டிங் முடிந்தது. நெருப்புப் பக்கம் மிகச் சுத்தமாக இருப்பதாக வெல்டர் பாராட்டினார்."

ஏப்ரல் 24, புதன்

வெல்டர் சிஸ்டர்கிட்டயும் போய் தண்ணி தண்ணின்னு ஓதிட்டார். சிஸ்டர் கோயமுத்தூர்ல இருந்து தண்ணி சோதிக்கிற ஆளை வரச் சொல்லியிருக்காங்க. வரட்டும். சுனைத் தண்ணியைச் சோதிச்சுப் பாத்து மூக்கு மேல விரல் வைக்கட்டும்.

ஏப்ரல் 26, வெள்ளி

விறகு அடுக்கினேன். நேத்து காட்டுமாடு வந்து அடுக்கைச் சாய்ச்சுட்டுப் போயிருக்கு. முதுகு சொறிய வேற இடம் கிடைக்கல அதுக்கு. இடுப்பு விட்டுப் போச்சு.

ஏப்ரல் 29, திங்கள்

வந்தது ஒரு பொண்ணு. சுகிர்தான்னு பேரு. இருபத்தஞ்சு வயசு இருக்கும், தோள்ல ஒரு பெட்டி. வந்ததும் "ஆன்ட்டி, பாய்லர் எங்க?"ன்னா. ஆன்ட்டியாம். "அக்கான்னே கூப்பிடலாம்"னேன். சிரிச்சிட்டு அக்கான்னா.

சுனைத் தண்ணியை எடுத்துக் கொடுத்தேன், பெருமையாத்தான். ஒரு சின்ன மீட்டரை விட்டுப் பாத்துட்டு "அஞ்சு புள்ளி ஒன்பது"ன்னா. அது நல்லதான்னு கேட்டேன்.

"குடிக்க நல்லதுக்கா. இரும்புக்கு ஆகாது. லேசாப் புளிப்பு இருக்கற தண்ணி. பாய்லருக்கு எட்டரைக்கு மேல இருக்கணும். தண்ணியை எப்பெப்ப மாத்துவீங்க?"

நான் "எப்பவாச்சும்"னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியல. வாய் முந்திக்கிச்சு.

அவ சொன்னதை அப்படியே எழுதறேன். புதுத் தண்ணியில காத்து கரைஞ்சிருக்குமாம். அந்தக் காத்துதான் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். ஒரே தண்ணி சூடாகிச் சூடாகிச் சுத்தினா காத்தெல்லாம் வெளிய போயிடும், அப்புறம் அந்தத் தண்ணி இரும்பை ஒண்ணும் செய்யாது. அதோட துருத் தடுப்பு மருந்தும் போட்டு வச்சா வருஷக் கணக்கா தொடவே வேண்டாம். "சுத்தம் பண்றேன்னு மாத்த மாத்த, ஒவ்வொரு தடவையும் பாய்லருக்குப் புதுசாத் துரு ஊட்டுற மாதிரிக்கா"ன்னா.

சின்னப் பொண்ணு. புத்தகத்துல படிச்சதைப் பேசறா.

சிஸ்டர் கேட்டதுக்கு, இந்தக் குழியெல்லாம் முன்னாடி இருந்த ஆள் காலத்துல விழுந்திருக்கும், அவர் தண்ணியே மாத்த மாட்டார்னு சொன்னேன். சுகிர்தா நாளைக்கு மறுபடி வர்றாளாம், பழைய லைன் எல்லாம் பாக்கணுமாம்.

ஏப்ரல் 30, செவ்வாய்

பழைய சிக் ரூமுக்கு ஒரு கிளைக் குழாய் போகும். உடம்பு சரியில்லாத பிள்ளைங்க அறை கதகதப்பா இருக்க, பாய்லர் தண்ணி அந்த அறைச் சுவர்க் குழாயில சுத்துமாம். அந்த அறையைப் பூட்டினதுல இருந்து ரெண்டு பக்கமும் வால்வு மூடிக் கிடக்கு. பாய் காலத்துலயே மூடினது. நான் தொட்டதே இல்ல. சுகிர்தா அதைத் திறக்கணும்னா. சிஸ்டரும் கூட வந்து நின்னாங்க.

வால்வைத் திருகினதும் டிகாஷன் வந்துச்சு. அதே கலர். பன்னிரண்டு வருஷமா உள்ளேயே இருந்திருக்கு.

எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். பாத்துக்கோங்க சிஸ்டர், நான் சொன்னேனா இல்லையா, எவ்வளவு அழுக்கு! அப்படிச் சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள சுகிர்தா மீட்டரை விட்டுட்டு "ஒன்பது!"ன்னு கத்தினா. குழாயோட ஒரு முனையைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்தா. "சிஸ்டர், இங்க வாங்க, பாருங்க. ஒரு குழி இல்ல. துரு இல்ல. புதுக் குழாய் மாதிரி இருக்கு. இது அழுக்கு இல்ல சிஸ்டர், மருந்து. டானின் மருந்து போட்டா இந்தக் கலர்தான் வரும். இவ்வளவு அளவாப் போட்டு வச்சிருக்காங்க. யாருக்கா இது? நீங்களா?"

ரெண்டு பேரும் என் மூஞ்சியைப் பாத்தாங்க.

நான் தலையை ஆட்டினேன்.

"அப்புறம் ஏன்க்கா நிறுத்தினீங்க?"ன்னா.

"பழைய மதர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க, தண்ணியை மாத்தச் சொன்னாங்க"ன்னேன். மதர் இப்ப திருச்சியில படுத்த படுக்கையா இருக்காங்க. வந்தா சொல்லப் போறாங்க? நேத்து பழைய ஆளைப் பத்தி நான் சொன்னது ரெண்டு பேருக்குமே ஞாபகம் வரல.

சிஸ்டர் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க, சொல்லவே இல்லையே சௌந்தரி! உங்களை விட்டுட்டு நான் வெளியாள் தேடப் போனேனே"ன்னாங்க. காண்ட்ராக்ட் வேண்டாமாம். பாய்லர் என்கிட்டயே இருக்கும்னு சொல்லிட்டாங்க.

மே 1, புதன்

லீவு. துணி துவைச்சேன்.

மே 3, வெள்ளி

நல்ல நோட்டுல எழுத உக்காந்தேன். ஒண்ணும் ஓடல.

மே 6, திங்கள்

சுகிர்தா போன் பண்ணினா. மருந்து ரெண்டு வாரத்துல வருமாம். "முன்னாடி நீங்க எந்த மருந்து, எவ்வளவு போட்டீங்கன்னு சொன்னா அதையே வாங்கிடலாம்க்கா"ன்னா. ஞாபகமில்ல, தேடிப் பாத்துச் சொல்றேன்னேன்.

இனி பாயைத்தான் கேக்கணும். மேட்டுப்பாளையத்துல மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கார்னு என் வீட்டுக்காரருக்குத் தெரியும். மருந்து பேரைக் கேக்கத்தான் போறேன். வேற ஒண்ணும் இல்ல.

மே 8, புதன்

மேட்டுப்பாளையம் போயிட்டு வந்தேன். என்ன வெக்கை! பஸ் கீழ இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டேன்.

பாய் தாடி வெளுத்துப் போய் இருந்தார். காயில் சுத்திக்கிட்டே நிமிர்ந்து பாத்தார். "வா சௌந்தரி"ன்னார், நேத்துப் பாத்த ஆளைக் கூப்பிடற மாதிரி. ஸ்டூலை இழுத்துப் போட்டார், கடைப் பையனை விட்டு சர்பத் வாங்கி வரச் சொன்னார். பிரின்சி என்ன செய்யறான்னு கேட்டார். நர்சிங் முடிச்சு வேலைக்குப் போறான்னேன். நல்லதுன்னார்.

மருந்து பேரைக் கேட்டேன். சொன்னார். ஆயிரம் லிட்டருக்கு எவ்வளவுன்னும் சொன்னார். யோசிக்கவே இல்ல.

அப்புறம் அவரே கேட்டார். "ஒழுகுதா?"

"பின் தகட்டுல."

"எத்தனை தடவை தண்ணி மாத்தின?"

"வருஷத்துக்கு ஒண்ணு. பதினொண்ணு."

காயில் சுத்தற கை நின்னு போச்சு.  "நல்லாக் கழுவியிருக்க"ன்னார். அவ்வளவுதான். மறுபடி சுத்த ஆரம்பிச்சிட்டார்.

சர்பத்தைப் பாதியிலயே வச்சிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன்.

மே 12, ஞாயிறு

எழுதிடறேன். இதுல எழுதலைன்னா வேற எதுலயும் எழுத மாட்டேன்.

பாய்க்குப் பதில் சொல்லத் தெரியலன்னு எழுதினேனே, அது பொய். அவர் சொன்னார். மதர்கிட்ட சொன்னார், மதர் காதுல வாங்கல. அதுக்கு முன்னாடி என்கிட்டயும் சொன்னார். அன்னிக்கு சாம்பிள் எடுக்கறப்ப நான் மூக்கைச் சுளிச்சேன். "பயப்படாத, இது மருந்துக் கலர். இந்தக் கலர் இருக்கற வரைக்கும் பாய்லர் சாகாது"ன்னார். தெளிவாச் சொன்னார். எனக்குப் புரிஞ்சுது. ரெண்டு நாள் கழிச்சு அதே தண்ணியை வாளியில பிடிச்சு மதர்கிட்ட கொண்டு போனேன்.

அப்ப நான் தற்காலிகம். எப்ப வேணா போன்னு சொல்லலாம். பாய்லர் வேலை நிரந்தரம், நிரந்தரம்னா பிரின்சிக்கு இங்கேயே சீட். நான் வேணும்னேதான் செஞ்சேன். செஞ்சுட்டு, அது அழுக்குத் தண்ணிதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சொல்லிச் சொல்லி, நம்பியும் போனேன். அந்த நம்பிக்கையிலதான் வருஷா வருஷம் திறந்து விட்டேன், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு பெருமையா!

என்னை நினைச்சா எனக்கே அசிங்கமா இருக்கு.

இவர்கிட்ட சொன்னேன். ஆட்டோ சீட்டைத் தச்சுக்கிட்டு இருந்தார். ஊசியை சீட்டுலயே குத்தி வச்சார். அப்புறம், "வேலை கையில இருக்கு. அந்த மனுஷனும் கடை வச்சுப் பொழைச்சுக்கிட்டார். இப்பப் போய் வாயைத் திறந்து யாருக்கு என்ன லாபம்? பேசாம இரு"ன்னார்.

அவர் சொல்றதும் சரிதான்.

மே 20, திங்கள்

மருந்து வந்துச்சு. சுனைத் தண்ணியைப் பிடிச்சு, பாய் சொன்ன அளவுல மருந்து கலந்து, நெருப்புப் போட்டேன். காத்து வெளிய போக ஒரு தடவை நல்லாச் சூடாக்கணும்னு சுகிர்தா சொன்னா. சாயங்காலம் சாம்பிள் எடுத்தோம். எட்டு புள்ளி எட்டு. டிகாஷன் கலர். பேட்ச் போட்ட இடத்துல ஒரு துளி ஈரம் இல்ல, விரலை வச்சுப் பாத்தேன், ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடியும் வச்சுப் பாத்தேன்.

வேலைன்னு பாத்தா எனக்குப் பெருமைதான், பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு போல்ட்டும் என் கையால முடுக்கினது.

சிஸ்டர் வந்து பாத்துட்டு, என்னைப் பத்தி அவங்க சபையோட மாகாணத் தலைமைக்கு எழுதியிருக்கறதாச் சொன்னாங்க. எங்க மத்த ஹாஸ்டல்ல பாய்லர் பாக்கறவங்களுக்கு நான் வந்து சொல்லித் தரணுமாம். சுகிர்தா கை தட்டினா. எனக்கு அந்த இடத்துல நிக்கவே முடியல. சாம்பல் தட்டைத் துடைக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

மே 22, புதன்

சோத்துத் தட்டை அப்படியே மூடி வச்சிட்டேன். 

மே 27, திங்கள்

சொல்லிட்டேன்.

காலையில ஆபீஸ் ரூமுக்குப் போனேன். சிஸ்டர் உக்காரச் சொன்னாங்க. உக்காரல. உக்காந்தா சொல்ல மாட்டேன்னு தெரியும். சிக் ரூம் குழாயில இருந்த தண்ணி நான் வச்சது இல்ல, இப்ராஹிம் பாய் வச்சதுன்னு ஆரம்பிச்சேன். வாளி, மதர், பதினோரு தடவை திறந்து விட்டது, மதர் மேல போட்ட பழி, எல்லாம். நடுவுல நிறுத்தல. நிறுத்தினா அழுகை வந்திருக்கும்.

சிஸ்டர் முகம் சிவந்து போச்சு. "அன்னிக்கு என் முன்னாடி தலையை ஆட்டினீங்களே சௌந்தரி. நான் உங்க கையைப் பிடிச்சேனே"ன்னாங்க. அதுதான் அவங்களுக்கு ரொம்ப வலிச்சிருக்கு.

"ஆமா சிஸ்டர்"னேன்.

"இனி உங்களை எப்படி நான் பாய்லர் பக்கம் விடறது?"

"விட வேண்டாம். கிச்சனுக்கே போறேன். ஆனா பாய்க்கு ஸ்கூல்ல இருந்து ஒரு லெட்டர் போகணும். அவர் வேலை சரின்னு."

"அவர் கேட்டாரா?"

"கேக்கல. அவர் கேக்க மாட்டார்."

போய்ட்டு வாங்க, யோசிக்கணும்னு சொல்லிட்டாங்க. வெளிய வந்து வராண்டாவுல நின்னேன். ரொம்ப நாள் கழிச்சுப் பசிச்சுது. கிச்சன்ல ரெண்டு இட்லி வாங்கி நின்னுக்கிட்டே தின்னேன்.

ஜூன் 3, திங்கள்

ஒரு வாரம் கழிச்சு இன்னிக்குக் கூப்பிட்டாங்க. பழைய ஃபைலைத் தேடி எடுத்து வச்சிருந்தாங்க. பாய் அன்னிக்கு மதருக்கு எழுதின விளக்கம் அதுல இருக்கு. மருந்து பேர், அளவு, தேதி எல்லாம். யாரும் படிச்ச மாதிரியே தெரியல.

"லெட்டரை நீங்களே எழுதுங்க. நான் கையெழுத்துப் போட்டு சீல் வைக்கிறேன்"ன்னாங்க. அங்கேயே உக்காந்து எழுதினேன். என் முழுப் பேரைப் போட்டு "ஞானசௌந்தரி தெரியாமல் செய்த தவறால்"னு எழுதிக் கொடுத்தேன். சிஸ்டர் படிச்சிட்டு, பேனாவால "தெரியாமல்" மேல கோடு போட்டுத் திருப்பித் தந்தாங்க. மறுபடி எழுதினேன். மூணாவது தடவை சரியா வந்துச்சு.

"நீங்களே கொண்டு போய்க் கொடுங்க. பாய்லரை இனி யார் பாக்கணும்னு அவர்கிட்டயே கேட்டுட்டு வாங்க. அவர் வர்றேன்னா அவர். வேற ஆளைச் சொன்னா அந்த ஆள். அவர் சொல்றதுதான்"ன்னாங்க.

ஸ்கூல் திறக்க ஒரு வாரம் இருக்கு.

ஜூன் 5, புதன்

இவர் ஆட்டோவுலயே கூட்டிட்டுப் போறேன்னார். வேண்டாம், தனியாப் போறேன்னேன்.

கடையில ரெண்டு விவசாயிங்க மோட்டாரோட நின்னாங்க. பாயோட மருமகன் கல்லாவுல இருந்தார். லெட்டரை நீட்டினேன். பாய் சீலைப் பாத்தார், வாங்கல.

"என்ன அது?"

"ஸ்கூல்ல இருந்து. உங்களுக்கு."

"நீயே வாசி"ன்னார்.

"கண்ணாடி இல்லையா பாய்?"

"கண்ணாடி இருக்கு. நீ வாசி. சத்தமா."

விவசாயிங்க திரும்பிப் பாத்தாங்க. மருமகன் போனைக் கீழ வச்சார். வாசிச்சேன்.

"திரு. சை. இப்ராஹிம் அவர்களுக்கு. பதினோரு ஆண்டுகளுக்கு முன் தாங்கள் கவனக்குறைவாக இருந்ததாகக் கூறி எங்கள் பள்ளி தங்களை வேலையிலிருந்து நீக்கியது. தங்கள் பராமரிப்பு முழுவதும் சரியானது என்று இப்போது சோதனையில் உறுதியாகியுள்ளது. அப்போது சமையலறையில் வேலை செய்த ஞானசௌந்தரி என்பவர், அது மருந்துத் தண்ணீர் என்று தங்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும், அழுக்குத் தண்ணீர் என்று நிர்வாகத்திடம் காட்டினார். நிர்வாகம் தங்கள் விளக்கத்தைப் படிக்காமல் முடிவெடுத்தது. இதற்காகப் பள்ளி தங்களிடம் மன்னிப்புக் கேட்கிறது."

 ஒரு வார்த்தை விடல.

மருமகன் எழுந்து நின்னுட்டார். "மாமா, நீங்க இதைச் சொல்லவே இல்லையே"ன்னார்.

"சொன்னா யாரு நம்புவா? வேலை தெரியாம விரட்டினாங்கன்னுதானே உங்க வீட்டுல பேசிக்கிட்டாங்க. கல்யாணத்துல உங்கப்பாவே என்கிட்ட கேட்டார்"ன்னார் பாய். குரல் உசரவே இல்ல. எனக்குத் தரையைப் பாக்கத்தான் முடிஞ்சுது.

சிஸ்டர் கேக்கச் சொன்னதைக் கேட்டேன். பாய்லரை யார் பாக்கணும்னு நீங்கதான் சொல்லணும், நீங்க வந்தாலும் சரின்னேன்.

"முட்டியை வச்சுக்கிட்டு நான் எங்க மலை ஏறறது"ன்னார். அப்புறம் வரிசையாக் கேட்டார். மருந்து எவ்வளவு போட்ட, சூடு எத்தனை வரைக்கும் ஏத்தின, இப்ப அளவு என்ன. எட்டு புள்ளி எட்டுன்னேன். ஒன்பது ஆகட்டும், இன்னும் கால் லிட்டர் ஊத்துன்னார். சாம்பல் தட்டுல சுண்ணாம்பு தூவினியான்னு கேட்டார். தூவினேன்னேன்.

"சிஸ்டர்கிட்ட சொல்லு. இவளே பாக்கட்டும். புதுசா வேற எவன் வந்தாலும் கலரைப் பாத்துட்டு முதல்ல தண்ணியைத் திறந்து விட்டுடுவான். இவ இனிமே தொட மாட்டா."

 கும்பிட்டேன். அவர் அதைப் பாக்காத மாதிரி உள்ள திரும்பி, "ஜெய்த்தூன்! இங்க வா"ன்னு வீட்டம்மாவைக் கூப்பிட்டார். கடைக்குப் பின்னாடியே வீடு. அந்தம்மா முக்காட்டைச் சரி பண்ணிக்கிட்டு மெதுவா வந்தாங்க. என்னை அவங்க பாத்ததே இல்ல.

"இவளுக்குக் காது மந்தம். பதினோரு வருஷமா என்னை ஒரு கேள்வி கேட்டதில்ல இவ. பக்கத்துல போய் இன்னொரு தடவை வாசி"ன்னார்.

அந்தம்மா பக்கத்துல போய் நின்னு முதல்ல இருந்து வாசிச்சேன். இந்தத் தடவை இன்னும் சத்தமா. ரோட்டுல போறவங்களுக்கே கேட்டிருக்கும். அந்தம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டாங்க. "முழுவதும் சரியானது"ன்னு வந்தப்ப பாயைத் திரும்பி ஒரு பார்வை பாத்தாங்க. கண்ணு நிறைஞ்சுடுச்சு. முடிச்சதும் முந்தானையால துடைச்சுக்கிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"இவ்வளவு தூரம் கொண்டு வந்து படிச்சுக் காட்டினியே, நீ நல்லாயிருக்கணும்மா. அந்த ஞானசௌந்தரின்னு ஒருத்தி பேரு வந்துச்சே, அவ யாரு? இப்ப எங்க இருக்கா?"ன்னு கேட்டாங்க.

பாய் நிமிர்ந்து என்னைப் பாத்தார். மருமகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கிட்டேன்.

"நான்தாம்மா அது"ன்னு, அவங்க காதுல விழற மாதிரி சத்தமாவே சொன்னேன்.